அந்த ‘ஆம்’ எங்கே போனது?

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணால் கண்டதையும் காதில் விழுந்ததையும் அவர் ஒருநாளும் கலந்து பேசியதில்லை. வாசலில் நின்று பார்த்தது என்றால் ‘மழை பெய்தது’ என்பார். அவிநாசிச் சந்தையிலிருந்து திரும்பியவர் சொன்னது என்றால் ‘மழை பெய்ததாம்’. கடைசியில் ஒட்டிய அந்த ‘ஆம்’ ஒன்றுதான் வித்தியாசம். ‘நான் பார்க்கவில்லை, பார்த்ததாக ஒருவர் சொன்னார், இதற்கு நான் பொறுப்பில்லை’ என்பதை எல்லாம் அந்த ஒரே அசைக்குள் அடக்கிவிடுவார். தமிழ் பேசும் எல்லோர் வாயிலும் இந்தக் கருவி இருக்கிறது.

அரசியல் பிரச்சாரம் நம்மிடம் வந்து சேரும் வழியில் முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான். ‘அடித்தார்களாம்’ என்று கிளம்பியது ஐந்தாவது கைக்கு வரும்போது ‘அடித்தார்கள்’ ஆகிவிடுகிறது. பத்தாவது கையில் ‘அடித்துக் கொன்றார்கள்’. நான் சொல்லித்தரப்போகும் முறை எளிது. உதிர்ந்த ‘ஆம்’-ஐத் திரும்ப ஒட்டுங்கள். பிறகு அதை எடுப்பதற்கு என்ன வேண்டுமோ, அதைத் தேடிப் போங்கள்.

நான் திருப்பூர்ப் பக்கத்தில் ஊர்ப்புற நூலகராக வேலை பார்த்தவள். 1994-இல் சேர்ந்தபோது எங்கள் ஊர் கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானது. 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த 29 ஆண்டுகளும் காலையில் நூலகத்தைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, வந்திருக்கும் நாளிதழ்களில் தேதி முத்திரை குத்தி மேசையில் விரிப்பது. முத்திரை விழாத தாள் மேசைக்குப் போகாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒருவரும் கூடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஓர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி வருவதற்கு முன் நூலகங்களில் நூற்பட்டியல் அட்டை என்று ஒன்று இருந்தது. ஐந்துக்கு மூன்று அங்குலம், கீழே கம்பி கோக்க ஒரு துளை. அதில் ஆசிரியர், தலைப்பு, வெளியிட்ட இடம், ஆண்டு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஆசிரியர் பெயர் தெரியாத புத்தகத்தைக்கூட ‘தெரியவில்லை’ என்று எழுதித்தான் அடுக்குவோம். அந்தக் கோட்டைக் காலியாக விட முடியாது. உங்களைக் கோபப்படுத்திய அல்லது குளிரவைத்த ஒரு செய்தியை எடுத்து, அதே அளவு அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள். முதலில் சொன்னது யார்? உங்களுக்கு அனுப்பிய மாமாவின் பெயரை அங்கே எழுதக் கூடாது. நடந்தது என்ன? அடைமொழி இல்லாமல் ஒரே வாக்கியம், ஒரே வினைமுற்று. எங்கே? எப்போது? ஐந்தாவது வரியில், இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன செய்யத் தோன்றுகிறது என்பதை எழுதுங்கள். மேலே வலது மூலையில் பென்சிலால் ‘ஆம்’. பேனாவால் எழுதாதீர்கள், அழிக்க வேண்டியிருக்கலாம்.

கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலால் தள்ளிவிட்டுப் போகும்போது ‘எங்கே’ என்ற கேள்வி எழுவதில்லை. பேனா அந்தக் கோட்டில் நிற்கும்போதுதான், எழுத ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது.

2023 மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள், நூலகம் மூடும் நேரத்தில் பிகாரைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் அயர்னிங் வேலை. எங்கள் தெருவுக்குப் பின்னால், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் ஆறு பேரோடு இருந்தார். ஊரிலிருந்து அவருடைய அம்மா அழுதுகொண்டே போன் செய்திருக்கிறார், உடனே கிளம்பி வா என்று. கைப்பேசியைக் காட்டினார். நடுத்தெருவில் ஓர் ஆளை வெட்டும் வீடியோ. கூடவே இந்தியில் ஒரு செய்தி. இந்தி பேசியதற்காகப் பிகார்த் தொழிலாளர்கள் 12 பேர் தமிழ்நாட்டில் தூக்கிலிடப்பட்டார்கள் என்று அவர் எனக்குப் படித்துச் சொன்னார். நாலு வருடமாக இங்கே இருப்பவர், நன்றாகத் தமிழ் பேசுபவர். அன்று அவருடைய குரல் நடுங்கியது.

இருவரும் மேசையில் உட்கார்ந்து அட்டை எழுதினோம். இறந்தவர்களின் பெயர் இல்லை. எங்கே என்ற இடத்தில் எழுதக் கிடைத்தது ‘தமிழ்நாடு’ மட்டும். ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலத்தை ஓர் ஊர் மாதிரி எழுதியிருந்தார்கள். தேதி இல்லை. ஐந்தாவது வரியை அவரே எழுதினார்: ‘ஓடிவிட வேண்டும்.’

பிறகு நான் கேட்ட கேள்விதான் இந்த முறையில் மிகவும் பயனுள்ளது என்று இன்றும் நினைக்கிறேன். இது உண்மையாக இருந்தால் வேறு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? பன்னிரண்டு பேர் இறந்தால் பன்னிரண்டு பிரேதப் பரிசோதனைகள், பன்னிரண்டு குடும்பங்கள், உடல்களை ஊருக்குக் கொண்டுபோக வண்டி, மேஸ்திரிகளின் கைப்பேசியில் ஓயாத அழைப்பு. திருப்பூரில் ஒரு தொழிலாளி காய்ச்சலில் இறந்தாலே லைன் வீடு லைன் வீடாகச் செய்தி பரவி, ஊருக்கு அனுப்பப் பணம் வசூலிப்பார்கள். ‘உங்களுக்குத் தெரிந்த யாராவது தனக்குத் தெரிந்த ஒருவர் இறந்ததாகச் சொன்னார்களா?’ என்று கேட்டேன். அவர் யோசித்தார். எல்லோரும் சொன்னது அந்த வீடியோவைப் பற்றி மட்டுமே.

அன்று என்னால் அவருக்கு அது பொய் என்று சொல்ல முடியவில்லை. ‘ஆம்’-ஐ எடுக்காமல் வைத்திருப்போம், இன்று இரவு கிளம்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்தடுத்த நாட்களில் விவரம் வந்தது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, சுற்றிவந்த வீடியோக்களில் இரண்டைக் குறிப்பிட்டு விளக்கினார். ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே முன்பு நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இன்னொரு வீடியோ ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலை என்று செய்தி சரிபார்ப்போர் கண்டுபிடித்தார்கள். பிகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பதிவாயின.

இதில் நான் திரும்பத் திரும்பக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அந்த வாரம் திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பி வழியும் படங்கள் வந்தன, ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்ற வரியோடு. படம் உண்மை, கூட்டமும் உண்மை. ஆனால் மார்ச் 8 ஹோலி. அந்தப் பண்டிகைக்கு முந்தைய நாட்களில் ஆண்டுதோறும் அந்த நடைமேடை அப்படித்தான் இருக்கும். பயந்து கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், பயத்தைத்தான் வதந்தி உண்டாக்கிவிட்டதே. ஆனாலும் படத்தையும் படத்துக்குக் கீழே உள்ள வரியையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள். படத்துக்கு ஓர் அட்டை, வரிக்கு ஓர் அட்டை. படத்தைப் பார்க்கும்போது கடைப் பெயர்ப்பலகை எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம், போலீஸ் சீருடை எப்படி, வெயிலா மழையா என்று உற்றுப் பாருங்கள். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் முன்பு எங்கே வந்தது என்று பல நேரம் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

அந்த நாட்களிலேயே இன்னொரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. ‘வடக்கர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், நம் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை’ என்று தமிழில் வந்தவை. அவற்றை அனுப்பியவர்கள் என் உறவுக்காரர்கள், நல்ல மனிதர்கள். பிகாரில் பரவிய பொய்யைக் கேட்டுக் கொதித்தவர்கள் இவற்றைக் கேள்வி கேட்காமல் பகிர்ந்தார்கள். இரண்டுக்கும் நான் ஒரே அட்டையைத்தான் நீட்டினேன். பெயர், ஊர், தேதி இரண்டிலும் இல்லை.

என் கதையையும் சொல்ல வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு ஒரு பாலம் இடிந்து கிடக்கும் படம் எனக்கு வந்தது. நான் வாக்களிக்க விரும்பாத கட்சியின் ஆட்சியில் கட்டியது என்று எழுதியிருந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் 23 பேருக்கு அனுப்பினேன். 27 ஆண்டுகள் தேதி முத்திரை குத்திய கை, தேதி இல்லாத படத்தை அனுப்பியது. பள்ளிக் காலத்தில் எங்கள் நூலகத்தில் படித்து இப்போது சிவில் இன்ஜினியராக இருக்கும் ஒரு பெண், ‘அக்கா, இது நம் மாநிலத்துப் பாலமே இல்லை, பழைய படம்’ என்று எழுதினாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றைக்கே 23 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: ‘நான் அனுப்பிய பாலத்தின் படம் தவறானது. வேறு மாநிலம், பழைய படம். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் தயவுசெய்து அவர்களுக்கும் சொல்லுங்கள்.’ பதில் எழுதியவர்கள் நான்கு பேர். திருத்தம் எப்போதும் பொய்யைவிட மெதுவாகத்தான் போகும். அதற்காகத் திருத்தாமல் விடாதீர்கள். குழுவில் பொதுவாகப் போடுவதைவிட ஆளுக்கு ஆள் எழுதுவது பலிக்கிறது.

அந்த நாளிலிருந்துதான் அட்டையில் ஐந்தாவது வரியைச் சேர்த்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று அன்று எழுதியிருந்தால் ‘அப்படித்தான் வேண்டும் அவர்களுக்கு’ என்று எழுதியிருப்பேன். அதைப் பார்த்த பிறகு அனுப்பியிருக்க மாட்டேன்.

அடுத்தது, பெயரை மறைத்துப் படிப்பது. திண்ணையில் இதைத்தான் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். ஒரு தலைவரின் அறிக்கையை எடுத்து, அவர் பெயர், கட்சி, படம் மூன்றின் மேலும் தபால் அட்டையை வைத்து மூடிவிடுவேன். இந்தக் கருத்து சரியா என்று முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். பிறகு அட்டையை எடுப்பேன். ஒரு முறை மாநில உரிமை பற்றிய பேச்சு ஒன்றைப் படித்து எல்லோரும் ‘சரி’ என்று எழுதினார்கள். பேசியவர் யார் என்று தெரிந்ததும் இரண்டு பேர் தாளைத் திருத்தக் கை நீட்டினார்கள். நான் திருத்த விடவில்லை. ஏன் திருத்தத் தோன்றியது என்று அவர்களையே கேட்டேன். அன்று நடந்த உரையாடல் இரவு ஒன்பது மணிவரை நீண்டது.

துரோகி, கைக்கூலி, அடிமை, கொத்தடிமை போன்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். சில வாக்கியங்களில் அதற்குப் பிறகு ஒன்றுமே மிஞ்சாது. ‘மக்கள் கொந்தளிப்பு’ என்றால் எந்த மக்கள், எத்தனை பேர்? ‘பரபரப்பு’ என்பது யாருக்கு? ‘கூறப்படுகிறது’ என்றால் கூறுவது யார்? ‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அரசும் சொல்லும். விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது ரூபாய்க் கணக்கில் பெரும்பாலான ஒதுக்கீடுகள் போன ஆண்டைவிடக் கூடத்தான் செய்யும். மொத்த பட்ஜெட்டில் அது எத்தனை சதவீதம், போன முறை எத்தனை சதவீதம் என்று கேட்டால்தான் ஏதாவது தெரியும்.

எண்களில் தேர்தல் எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக 37-ஐ வென்றது. திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. துடைத்தெறியப்பட்டது என்று அன்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதிமுக பெற்ற வாக்கு சுமார் 44 சதவீதம், திமுக பெற்றது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதே தேர்தலில் பாஜக 31 சதவீத வாக்குகளோடு 543-இல் 282 இடங்களைப் பிடித்தது. இதில் மோசடி எதுவும் இல்லை, நம் தேர்தல் முறை அப்படி. ஆனால் வென்றவர் ‘மக்கள் அனைவரும் எங்கள் பக்கம்’ என்று சொல்லும்போது, எதிரே நின்று வாக்களித்தவர்களின் தலைகளையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சி வென்றபோதும் எண்ணுங்கள்.

தமிழ்நாட்டில் வாழ்பவருக்கு இன்னொரு பாடமும் தேவை. சொல்வது யாருடைய வாய் என்று தெரிந்திருக்க வேண்டும். முரசொலி 1942-இல் மு. கருணாநிதி திருவாரூரில் தொடங்கிய ஏடு, இன்றும் திமுகவின் நாளேடு. தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது. ஜெயா டிவி, கலைஞர் டிவி என்ற பெயர்களே யாருடையவை என்று சொல்லிவிடும். கட்சிக்கு ஏடு இருப்பது தவறில்லை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாதாடும் கட்சி ஏட்டை நான் மதிக்கிறேன். நடுநிலை என்ற பெயரில் வருவதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்ன தொழில், முதல் பக்கத்தில் அரசு விளம்பரம் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள்.

ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் பக்கத்து நூலகத்துக்குப் போய், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒரே செய்தியைப் படியுங்கள். உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள், அந்த மேசை உங்களுடையது. ஒன்றில் முதல் பக்கத்தில் நாலு பத்தியில் வந்தது இன்னொன்றில் ஏழாம் பக்கத்து மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 1975 ஜூன் 28 அன்று நெருக்கடிநிலைத் தணிக்கையை எதிர்த்து இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. விடப்பட்டது என்ன என்று அன்று வாசகர் கண்ணுக்கே தெரிந்தது. இன்று விடப்பட்ட இடத்தை வேறொரு செய்தி நிரப்பிவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தால்தான் அது தெரியும்.

சரி, பென்சில் ‘ஆம்’-ஐ எப்போது அழிப்பது? ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்கள் அதையே சொல்லும்போது. ஐந்து சேனல்கள் ஒரே பதிவைக் காட்டினால் அது ஒரே வாய்தான். அரசு சரிபார்த்துச் சொன்னால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் தனித்தனிச் சரிபார்ப்புப் பிரிவுகள் உண்டு. பயன்படுத்துங்கள், ஆனால் அரசைப் பற்றிய செய்தியில் அரசும் ஒரு தரப்பு என்பதை மறக்காதீர்கள். தன்னைப் பற்றி இணையத்தில் வருவதில் எது பொய் என்று மத்திய அரசின் பிரிவே முடிவுசெய்ய வழிவகுத்த 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. அப்படியானால் மூல ஆவணத்துக்கே போக வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விரைவுத் தபால். கேள்வி சிறியதாக, எண்ணோ நகலோ கேட்பதாக இருக்கட்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவையும் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் கட்சியை விரும்பாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் என் அரசியலுக்கு நேர் எதிர். நான் ‘ஆம்’-ஐ அழிக்கப் போகும்போதெல்லாம் ‘கொஞ்சம் இருங்கள் அக்கா’ என்பார். அவர் அழிக்கப் போகும்போது நான் சொல்வேன். நாலு வருடமாக எங்களுக்குள் சண்டை வரவில்லை, கட்சியும் மாறவில்லை. ஆனால் இருவரும் பொய்யை அனுப்புவது நின்றிருக்கிறது.

அந்தப் பிகார் இளைஞர் ஹோலி முடிந்து ஏப்ரலில் திரும்பி வந்தார். இப்போது அவரும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணைக்கு வருகிறார். இந்தியில் வருவதை அவர் எங்களுக்குப் படித்துச் சொல்கிறார்.

இப்போது எங்கள் முன்னால் ஓர் அட்டை இருக்கிறது. எங்கள் ஒன்றியத்தில் 40 மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் புதிதாகக் கட்டப்பட்டதாக ஒரு துண்டறிக்கை வீட்டுக்கு வீடு வந்தது. நான் வாக்களித்த கட்சியின் துண்டறிக்கை. பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிப் பதினொரு தொட்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் இரண்டில் புது வண்ணத்துக்கு அடியில் 1996 என்று பொறித்திருந்தது. மீதியைப் பார்க்க இன்னும் ஊர்கள் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பி இன்றோடு 19 நாள் ஆகிறது. அட்டையின் மூலையில் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது: 40 தொட்டிகள் கட்டினார்களாம்.